குமுதா தேர்ந்தெடுத்த கேமரா

புதிதாக மசாஜுக்கு வந்த தஸ்லீமாவின் வலது தோளில் கை வைத்ததுமே குமுதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இடது தோள் எல்லாருக்கும் இருப்பதுபோல்தான் இருந்தது. வலது தோளோ காதை நோக்கி ஒரு விரல்கடை ஏறி, கழுத்தோடு சேரும் இடத்தில் பலகைபோல் இறுகிக் கிடந்தது.

பிரிக்பீல்ட்ஸில் பத்தொன்பது வருடமாக மசாஜ் செய்பவள் குமுதா. ஒருவர் வந்து படுத்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் கைகளே அவளுக்குச் சொல்லிவிடும். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களுக்கு இரண்டு தோளும் முன்னால் சுருண்டிருக்கும். பரோட்டாபோல் ரொட்டி சானாய் வீசிப் போடுகிறவர்களுக்கு மணிக்கட்டு. லோரி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு. கேஸ் சிலிண்டர் சுமப்பவர்களுக்குத்தான் ஒரு பக்கத் தோள் இப்படி ஏறியிருக்கும். ஆனால் இந்தப் பெண்ணின் உள்ளங்கையில் காய்ப்பே இல்லை. சிலிண்டர் தூக்கும் கை இல்லை அது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டே விட்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தோள்ல என்ன தூக்குறீங்க?"

தஸ்லீமா குப்புறப் படுத்து, மசாஜ் கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

"கேமரா. டிவி ஸ்டேஷன்ல பன்னெண்டு வருஷம் தூக்கினேன். விட்டு நாலு வருஷம் ஆச்சு."

"விட்டு நாலு வருஷமா? தோள் இன்னும் விடலையே. எவ்ளோ வெயிட் இருக்கும்?"

"எட்டு கிலோ. பேட்டரியும் லென்ஸும் சேர்ந்தா அதுக்கும் மேல."

எட்டு கிலோவைப் பன்னிரண்டு வருடம். குமுதா கட்டைவிரலை அந்தப் பலகையின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த கேமரா ஒன்றே ஒன்றுதான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். தோளில் பெரிய பெட்டியோடு ஒருவர் சாப்பாட்டுப் பந்திக்குள் நுழைந்தார். பெட்டியின் மேல் கண்ணைக் கூசும் விளக்கு. இலையில் கை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டு, வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிச் சிரித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து, கண்ணழுத்த நோய் முற்றி, அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. முப்பது வருடத்தில் கேமராக்கள் என்னவாயின என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அன்று கேட்டாள். இப்போதும் விளக்கு இருக்கிறதா? இல்லை. இப்போதும் தோளில்தான் வைக்க வேண்டுமா? வேண்டாம், கைக்குள் அடங்குகிற கேமராவெல்லாம் வந்துவிட்டது. அப்படியானால் அந்த எட்டுக் கிலோவுக்குள் என்னதான் இருந்தது? தஸ்லீமா ஓட்டைக்குள்ளிருந்தே சிரித்துவிட்டாள். ஒரு மணி நேர மசாஜ் ஒன்றரை மணி நேரம் ஆனது.

தஸ்லீமா கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். நாற்பத்தொரு வயது. டிவி வேலையை விட்டபின் சொந்தமாக ஆவணப்படம் எடுக்கிறாள். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். நான்காவது முறை வந்தபோது மசாஜ் முடிந்து எழுந்து உட்கார்ந்து, "அக்கா, உங்கள வச்சு ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"என்ன வச்சா? என்ன இருக்கு என்கிட்ட?"

"தினமும் கிள்ளான்லேர்ந்து ரயில்ல வர்றீங்க. சென்ட்ரல்ல இறங்கி நடந்து வர்றீங்க. நாள் பூரா பத்துப் பேரோட உடம்பத் தொட்டுத் தெரிஞ்சுக்கிறீங்க. திரும்பிப் போறீங்க. அதத்தான் எடுக்கணும். கூட்டிக் குறைச்சு ஒண்ணும் வேணாம்."

வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் குமுதா சொன்னாள். கணவர் ஜெயராஜ் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மகள் விஷ்ணுப்ரியா ஈப்போவில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். மகள் போனில் சந்தோஷத்தில் கத்திக் குதித்தாள். ஜெயராஜ் மட்டும், "பாவம்னு காட்டுவாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். குமுதா அதை அப்படியே தஸ்லீமாவிடம் கேட்டாள்.

"மியூசிக் போட்டு அழ வைக்கிற படம் நான் எடுக்கிறதில்லக்கா," என்றாள் தஸ்லீமா.

தை மாதத்தில் ஆரம்பித்தார்கள். தஸ்லீமா கொண்டுவந்தது அவளுடைய சொந்தக் கேமரா. சின்னது. குமுதா வாங்கித் தடவிப் பார்த்தாள். பெரிய சோப்புக்கட்டி இரண்டை ஒட்டி வைத்த அளவு, முன்னால் ஒரு குழாய்.

"இவ்ளோதானா? இத எதுக்குத் தேர்ந்தெடுத்த?"

இரண்டு காரணம் சொன்னாள் தஸ்லீமா. ஒன்று, இது இருட்டில் நன்றாகப் பார்க்கும். மசாஜ் கடையில் அது கட்டாயமாகத் தேவைப்பட்டது. அங்கே வேலை செய்யும் ஐந்து பேருக்கும் பார்வை கிடையாது. வாடிக்கையாளர் கேட்டால் ஒழிய யாரும் விளக்கைப் போடுவதில்லை. முதல் முறை மசாஜுக்கு உள்ளே வந்த தஸ்லீமா சுவரில் மோதி, துண்டுகள் அடுக்கிய ஸ்டூலைக் கவிழ்த்தபோதுதான் குமுதாவுக்கே அது ஞாபகம் வந்தது.

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது தஸ்லீமாவின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "டிவி கேமராவ தூக்கிட்டுப் போனா மனுஷங்க கட்டையாயிருவாங்கக்கா. சும்மா பேசுறவங்ககூட பரிசு வாங்குற மாதிரி நிப்பாங்க. இது சத்தமே போடாது. கொஞ்ச நேரத்துல கேமரா இருக்கிறதையே மறந்துருவாங்க. அப்பத்தான் நெஜமான ஆள் வெளியே வருவாங்க."

குமுதா அதைக் கேட்டுக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் அவசரமாக விழுங்கிய முகங்கள் நினைவுக்கு வந்தன. இவள் சொல்வது சரிதான் என்று பட்டது.

எடுக்கும்போது தஸ்லீமா "ஆரம்பிக்கிறேன்" என்பாள். முடித்ததும் "போதும்" என்பாள். அதுதான் ஏற்பாடு. ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி, பாடாங் ஜாவா, ஷா ஆலாம் என்று ஒவ்வொரு நிலையமாக வரும்போது குமுதா எதைக் கேட்டு எதைத் தெரிந்துகொள்கிறாள் என்பதை எடுத்தாள். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையில்லாதவர்களுக்காக மேடு வைத்துப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளின்மேல் மோட்டார்சைக்கிள்களை நிறுத்தியிருப்பதையும், குமுதாவின் கோல் அவற்றில் மோதுவதையும் எடுத்தாள். ஏர்கோன் குளிரடிக்கும் அறையிலிருந்து தெருவுக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். அதைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் குமுதா கேள்விமேல் கேள்வி கேட்பாள். கேமராவுக்கும் மூக்குக்கண்ணாடி மாதிரி வியர்க்குமா? அது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவது எப்படி? நீ நகராமலேயே பக்கத்தில் வர முடியுமென்றால் நீ எங்கே இருக்கிறாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் தஸ்லீமா துடைப்பதை நிறுத்தினாள். "அட, ஆமா லா," என்றாள். அதோடு விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில் குமுதா வீட்டில் எடுத்தார்கள். அவள் சமைப்பது, துணி மடிப்பது, மகளோடு போனில் பேசுவது. பதினொரு மணிக்குத் தஸ்லீமா "போதும்க்கா, இன்னைக்கு நிறைய கிடைச்சிருச்சு," என்றாள். குமுதா பாலில்லாத தேநீர், தே ஓ, கலக்கினாள். ஜெயராஜ் வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

வேலை முடிந்த நிம்மதியில் குமுதா கலகலப்பாகிவிட்டாள். அவளுக்கு மற்றவர்கள் குரலில் பேசிக்காட்ட வரும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. அன்று தஸ்லீமாவுக்காகச் சீதாலெட்சுமி டீச்சரைப் பிடித்தாள். டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பத்து வருட வாடிக்கை. முதுகில் அழுத்தினால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், "உம்... பார்ப்போம்... உம்... மேலே போகலாம்" என்று மாணவனைத் திருத்துவதுபோல் முனகுவார். குமுதா மேசைமேல் கவிழ்ந்து படுத்து, அதே குரலில் அதே முனகலை முனகினாள். தஸ்லீமா விழுந்து விழுந்து சிரித்தாள். குமுதா இன்னும் இரண்டு பேரை நடித்துக்காட்டினாள்.

பிறகு கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். விரல் வேறொன்றில் பட்டது. சோப்புக்கட்டி அளவுள்ள அந்தப் பொருள். மேசையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில். அது சுட்டது.

குமுதா கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை முழுதாக அதன்மேல் வைத்தாள். அரை மணி நேரமாகச் சும்மா கிடந்த பொருள் இவ்வளவு சூடாக இருக்காது.

"தஸ்லீமா, இது ஏன் சுடுது?"

தஸ்லீமாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"எடுத்துக்கிட்டு இருக்கியா?"

"அக்கா... நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. ரொம்ப அழகா இருந்துச்சு. முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்..."

"போதும்னு சொன்னியே."

"சொன்னேன். அப்புறம் மறுபடியும் போட்டேன். தப்புதான்."

குமுதாவுக்குக் கோபம் உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒரு கூச்சம். குளித்துவிட்டு வரும்போது அறைக்குள் யாரோ இருந்ததுபோல. டீச்சர் அந்த முனகலைக் கேட்டால் என்ன ஆகும்? அவள் கட்டிலில் படுப்பவர்கள் உடம்பை மட்டுமா அவளிடம் கொடுக்கிறார்கள்?

"அழிச்சிரு," என்றாள். 'டிக்' என்று இரண்டு சத்தம் கேட்டது. "அழிச்சிட்டேன்க்கா." அப்போதுதான் குமுதாவுக்குக் கோபம் வந்தது. அழித்தாளா இல்லையா என்று தன்னால் எப்படித் தெரிந்துகொள்ள முடியும்?

"என்னங்க, இங்க வாங்க!"

ஜெயராஜ் ஈரக் கையோடு வந்தார். கேமராவின் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார். "துணி மடிக்கிறது இருக்கு, போன்ல பேசுறது இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல," என்றார். தஸ்லீமா தே ஓவைக் குடிக்காமலே கிளம்பிப் போனாள்.

இரண்டு வாரம் இருவரும் பேசவில்லை. ஜெயராஜ், "விட்டுத் தள்ளு. படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார். தஸ்லீமாவிடமிருந்து மன்னிப்புக் கேட்டு மூன்று குரல் செய்திகள் வந்தன. குமுதா மூன்றையும் கேட்டாள். அவள் மனம் மன்னிப்பில் நிற்கவில்லை, வேறொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்வை உள்ளவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். தன்னைப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா என்பது அவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகுதான் மறக்கிறார்கள். தான் எதை மறப்பது? தனக்குத் தெரிந்ததே இல்லையே. ரயிலில் போகும்போதும் அதே யோசனை. சத்தம் போடாத கேமராவை நல்ல கேமரா என்று யார் முடிவு செய்தது?

பதினைந்தாவது நாள் அவளே போன் செய்தாள்.

"அந்தச் சின்னக் கேமரா வேணாம். வேற என்னென்ன இருக்கு?"

"வாடகைக்கு நிறைய இருக்குக்கா. பங்சார்ல ஒரு கடை இருக்கு."

"நான் வந்து பார்க்கணும்."

சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி ரயிலில் ஒரே ஸ்டேஷன். வாடகைக் கடைக்காரர் தனேஷ், முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மனிதர்தான். ஆனால் வெள்ளைக் கோலோடு ஒருவர் கேமரா தேர்ந்தெடுக்க வருவது அவருக்கு முதல் முறை. எப்போதும்போல் ஆரம்பித்தார். சென்சார் எவ்வளவு பெரியது, நிறம் எப்படி வரும், எத்தனை மடங்கு தெளிவு. குமுதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இவங்க பார்த்துக்குவாங்க தம்பி. என் கையில குடுங்க. போட்டுக் காட்டுங்க. சத்தம் கேட்கணும்," என்றாள்.

"லென்ஸ் கண்ணாடில மட்டும் கை படாம பார்த்துக்குங்கக்கா."

"கண்ணாடி எது?"

தனேஷ் அவள் விரலைப் பிடித்து லென்ஸின் விளிம்பைச் சுற்றிக் காட்டினார்.

முதலில் வந்தது தோளில் வைக்கும் பெரிய கேமரா. குமுதா அதைத் தூக்கித் தன் வலது தோளிலேயே வைத்துப் பார்த்தாள். கழுத்து தானாக இடது பக்கம் சாய்ந்தது. கை மேலே போனது. தான் மாதாமாதம் பிசைந்துகொண்டிருக்கும் அந்தப் பலகை எப்படி உண்டானது என்று அவளுக்கு அங்கே நின்றபடியே விளங்கிவிட்டது.

"இது வேணாம்," என்றாள். "இன்னொரு பன்னெண்டு வருஷத்த என்னால பிசைய முடியாது."

தஸ்லீமா சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்பது குமுதாவுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது, கையில் பிடிக்கும் வீடியோ கேமரா. எடுக்க ஆரம்பித்தால் 'டிட்' என்றது, நிறுத்தினாலும் 'டிட்' என்றது. தனேஷ் இதுதான் சரியாக வரும் என்று நினைத்தார். குமுதா யோசித்தாள். "ஆரம்பிக்கும்போது சொல்லுது. அப்புறம் அரை மணி நேரம் வாயத் திறக்காது. நடுவுல எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாவது நான்கு பக்கமும் சதுரமான ஒரு பெட்டி. மேலே கைப்பிடி. பெரிய கேமராவில் பாதி எடைகூட இல்லை. அதற்குள் 'ஸ்...' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன சத்தம் இது?"

"உள்ள குட்டி விசிறி இருக்குக்கா. சூடாகாம இருக்க. அதனாலதான் இது மணிக்கணக்கா ஓடும்."

குமுதா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து திடீரென்று, "இப்ப ரெக்கார்ட் போட்டீங்களா?" என்றாள்.

தனேஷ் திடுக்கிட்டார். போட்டிருந்தார், ஆனால் சொல்லவில்லை. "எப்படிக்கா?"

"மூச்ச அடக்குச்சே."

உண்மைதான். எடுக்க ஆரம்பித்ததும் சத்தம் விழக்கூடாது என்று அந்தக் கேமரா தன் விசிறியை நிறுத்திக்கொள்ளும். அதைத் தினமும் வாடகைக்கு விடுகிற தனேஷும், இரண்டு படத்துக்கு அதே மாதிரியைப் பயன்படுத்திய தஸ்லீமாவும் அந்தச் சத்தம் நிற்பதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

"நிறுத்தாம ஓட வைக்க முடியுமா?" என்றாள் குமுதா.

முடியும். தனேஷ் ஏதோ அமுக்கினார். மெல்லிய 'ஸ்...' திரும்ப வந்தது, இந்த முறை நிற்கவே இல்லை. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் மெதுவாக நடந்தார். குமுதா நின்ற இடத்திலேயே விரலை நீட்டி அவர் போகும் பக்கமெல்லாம் காட்டினாள். அலமாரிப் பக்கம். கதவுப் பக்கம். இப்போது கீழே உட்கார்ந்திருக்கிறார். இப்போது என் முகத்துக்கு நேரே.

தஸ்லீமாவுக்கு இரண்டு தயக்கங்கள் இருந்தன. அவற்றை மறைக்காமல் சொன்னாள். ஒன்று, சத்தம். மசாஜ் அறையில் ஏர்கோன் ஓடுகிறது, ரயிலில் ரயில் சத்தம், அங்கெல்லாம் விசிறி கேட்காது. வீட்டில் கேட்கும். "உங்க சட்டையில ஒரு சின்ன மைக் குத்திட்டா சமாளிக்கலாம். கொஞ்சம் விழும். விழுந்தா விழட்டும்." இரண்டாவதைச் சொல்லத்தான் அவள் தடுமாறினாள்.

"கேமரா எங்க இருக்குன்னு எப்பவும் தெரிஞ்சா... நடிக்க ஆரம்பிச்சிர மாட்டீங்களா?"

"மொத நாள் நடிப்பேன்," என்றாள் குமுதா. "ரெண்டாவது நாளும் நடிப்பேன். பதினஞ்சு நாளைக்கு எவளால நடிக்க முடியும்? அப்புறம் நானே மறந்துருவேன். மறக்குறது என் இஷ்டமா இருக்கணும். அவ்ளோதான்."

அந்தச் சதுரப் பெட்டியையே எடுத்தார்கள்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. முதல் இரண்டு நாள் குமுதா நிமிர்ந்து நடந்தாள், ரயிலில் தேவையில்லாமல் சிரித்தாள், வீட்டில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். ஜெயராஜ் கேலி செய்தார். ஒரு வாரத்தில் விசிறிச் சத்தம் வீட்டு ஃபிரிட்ஜின் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் வேண்டும்போது அவளால் அதைத் தேடி எடுக்க முடிந்தது. ஒரு முறை மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது சத்தம் ரொம்ப அருகே வருவதை உணர்ந்து, "தஸ்லீமா, இது வேணாம்மா," என்றாள். சத்தம் பின்னால் போனது. இன்னொரு முறை தூரத்திலேயே நின்ற சத்தத்தை அவளே கூப்பிட்டாள். "கிட்ட வா. இந்தத் தசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு காட்டுறேன்." டிவியில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை தான் படமெடுத்தவர்களில் யாரும் தன் கேமராவை இப்படி வா, போ என்று நடத்தியதில்லை என்று தஸ்லீமா சொன்னாள். குறையாகத்தான் சொல்கிறாளோ என்று குமுதா நினைத்தாள். அடுத்த நாள் அதையே சந்தோஷமாக இன்னொருவரிடம் போனில் சொல்வதைக் கேட்டாள்.

சீதாலெட்சுமி டீச்சர் முகம் வராமல், முதுகும் குரலும் மட்டும் எடுக்கலாம் என்று சம்மதித்திருந்தார். எடுக்கும் நாளன்று, டீச்சர் படுப்பதற்கு முன்பே, குமுதா ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். இத்தனை நாளும் அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், நான் உங்கள மாதிரி பேசி நடிச்சுக் காட்டினேன். இவங்ககிட்ட. வீட்ல வச்சு. தப்பு என்மேலதான்."

தஸ்லீமா மூலையில் நின்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாதிரியா?" என்றார் டீச்சர். முப்பது வருடம் வகுப்பை அடக்கிய குரல். "எங்க, நடிச்சுக் காட்டு பார்ப்போம்."

"வேணாம் டீச்சர்."

"உம்... காட்டச் சொன்னா காட்டணும்."

அந்த 'உம்' வந்ததும் குமுதாவால் அடக்க முடியவில்லை. அதே 'உம்'மைத் திருப்பி விட்டாள். "உம்... பார்ப்போம்... உம்... மேலே போகலாம்." டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபிறகும் நிற்கவில்லை. "இத போட்டுக்கோ," என்று மூலையைப் பார்த்துச் சொன்னார். "முகத்தோடயே போட்டுக்கோ."

படம் வெட்டி ஒட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் திரையிட்டார்கள். அறுபது பேர் இருக்கலாம். குமுதா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஜெயராஜ், மறுபக்கம் டீச்சர். மகள் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்து பின் வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. ரயில் கதவுகள் திறந்து மூடின. கோல் மோட்டார்சைக்கிளில் மோதியபோது கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். டீச்சரின் 'உம்'முக்கு மண்டபமே சிரித்தது; டீச்சர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு சத்தமெல்லாம் அடங்கி, எண்ணெய் தேய்க்கும் ஓசை மட்டும் கேட்டது. அது வெகுநேரம் நீடித்தது. குமுதாவுக்கு அங்கே என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. ஜெயராஜின் கையை இடித்தாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"உன் முகம்," என்றார் அவர் மெதுவாக. "முகம் மட்டும். பெருசா."

தன் முகத்தைக் குமுதா கடைசியாகப் பார்த்தது பதினாறு வயதில், அதுவும் மங்கலாக. அந்த முகத்தைத்தான் இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது அது என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"எப்படி இருக்கு?"

ஜெயராஜுக்கு இப்படியெல்லாம் விவரித்துப் பழக்கமில்லை. "புருவம் ரெண்டயும் தூக்கி வச்சிருக்க. வாய் கொஞ்சம் திறந்திருக்கு."

"அசிங்கமாவா?"

"இல்ல லா. யாரோ உன்கிட்ட ஏதோ சொல்ற மாதிரியும், நீ அதக் கேட்டுக்கிட்டு இருக்கிற மாதிரியும் இருக்கு."

"வயசு தெரியுதா?"

"தெரியுது," என்றார் அவர். "எனக்கும்தான் வயசாச்சு."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். புதியவர், ரவாங்கில் தொழிற்சாலை வேலை என்றார். குமுதா எண்ணெய் எடுத்து முதுகில் இட்டு, வலது பக்கத்திலிருந்து தொடங்கினாள். இடுப்புக்கு மேலே ஒரு முடிச்சு அகப்பட்டது. எதனால் வந்தது என்று கைக்கு உடனே புரியவில்லை. அதைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தவள் ஒரு கணம் நிறுத்தினாள். எண்ணெய் படாத புறங்கையைத் தூக்கித் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தூக்கித்தான் இருந்தது.

"என்னாச்சு அக்கா?" என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் குமுதா. "நீங்க வேலையில எந்தப் பக்கம் திரும்பி நிப்பீங்க?"